சேர்வர் புரொசெசரா, டெஸ்க்டொப் புரொசெசரா: திருகோணமலைத் துறைமுகப் பிரதேச வழக்காறுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

டேட்டா சென்டரில் கழித்த சேர்வர் புரொசெசர் பூட்டிய பெட்டியை வாங்குவதா, சாதாரண டெஸ்க்டொப் புரொசெசர் பூட்டிய பெட்டியை வாங்குவதா என்னும் வினா திருகோணமலை தொடர்பில் இதுகாறும் முறையாக ஆராயப்பெறவில்லை. இப்பெரும் இடைவெளியை நிரப்புதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இடைவெளி இருந்ததை எவரும் உணரவில்லையே என்று சிலர் கேட்கலாம். எவரும் உணராத இடைவெளிகளை நிரப்பக்கூடாது என்று சட்டம் வந்தால் நமது ஆய்வேடுகளில் பாதி அச்சேறாது என்பதை அன்னார் சிந்திக்க வேண்டும்.

ஆய்வெல்லை வருமாறு: வடக்கே உப்புவெளி, மேற்கே கன்னியா, தென்மேற்கே சீனக்குடா, கிழக்கே கடல். கடலில் கணினிக் கடை இல்லையாதலால் அத்திசையில் கள ஆய்வு நிகழ்த்தப்பெறவில்லை. கிண்ணியா விலக்கப்பட்டமைக்குப் பாலம் தாண்ட வேண்டும் என்பது காரணமன்று. பின்னால் வரும் ஆய்வாளர் ஒருவர் இதே கட்டுரையில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி 'கிண்ணியாவை முன்வைத்து' என்று எழுத இடம் விடப்பட்டுள்ளது. இது நமது ஆய்வுலகின் நெடுநாள் மரபு.

மூலங்கள் மூவகைப்படும். முதலாவது, கடைச்சுவரில் ஒட்டிய விலைத்தாள். இது 'சுவர்ப் பாடம்' எனப்படும். இரண்டாவது, பில் புத்தகத்தின் கார்பன் பிரதி. இது 'மங்கிய பாடம்'. மூன்றாவது, மதர்போட் வந்த அட்டைப்பெட்டியின் மூடி; இதனை இனி 'பெட்டிமூடி ஏடு' என்றே சுட்டுவோம். வாய்மொழி மரபுக்குக் கடைவாசல் வாங்கில் இருந்து பிளேன்டீ குடிக்கும் பொடியன்களே ஆதாரம். அவர்கள் ஒருவரும் ஒன்றும் வாங்குவதில்லை. ஆதலால் பக்கச்சார்பு அற்றவர்கள்.

இனிப் பொருளுக்கு வருவோம். இன்டெல் நிறுவனம் 'ஸியான்' என்ற பெயரை 1998இல் பென்டியம் 2 காலத்தில் சேர்வர் இனத்துக்குச் சூட்டியது. நமது பிரதேசத்தில் பெரிதும் கதைக்கப்படுவது 2016இல் வெளிவந்த ஸியான் இ5-2680 வி4. 14 கோர், 28 திரெட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹேட்ஸ், உச்சம் 3.3, வெப்பக் கணக்கு 120 வாட்ஸ். பெரிய நிறுவனங்கள் சேர்வர்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றும்போது இவை கழிக்கப்படுகின்றன. சீனத்தில் இவற்றுக்கென்றே எக்ஸ்99 மதர்போட்டுகள் புதிதாகச் செய்யப்படுகின்றன. எதிர்ப்பக்கத்தில் 2022 ஜனவரியில் வந்த கோர் ஐ5-12400: 6 கோர், 12 திரெட், அடிப்படை 2.5, உச்சம் 4.4 கிகாஹேட்ஸ், அடிப்படைக் கணக்கு 65 வாட்ஸ், முழுமூச்சாக ஓடும்போது 117 வரை.

பாமரர் இங்கே 14 பெரிது, 6 சிறிது என்று முடிவு கட்டுவர். ஆனால் ஒரு வேலையை ஒரு கோர் மட்டும் செய்யும் இடத்தில், பிரவுசர் திறப்பதிலிருந்து கேம் ஓடுவது வரை, ஐ5 தெளிவாக முந்துகிறது. எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும் இடத்திலும் 14க்கும் 6க்கும் உள்ள அளவு இடைவெளி வேலையில் தெரிவதில்லை. 2016இன் கோரும் 2022இன் கோரும் ஒரே கோர் அல்ல. பிறகு ஏன் வாங்குகிறார்கள்? டாஸ்க் மானேஜரைத் திறந்தால் 28 கட்டம் தெரியும். வீட்டுக்கு வரும் மச்சானுக்கு அதைத் திறந்து காட்டலாம். கள ஆய்வில் கிடைத்த பயன்பாடுகளுள் இதுவே முதன்மையானது.

வாங்குவோரை வகைப்படுத்தாமல் விட்டால் இது ஆய்வாகாது. கொம்யூனிகேசன் கடைக்காரர்: பாஸ்போட் படிவமும் போட்டோக் கொப்பியும், ஐ3 போதும். மீன்வாடிக் கணக்கர்: கல்குலேட்டர் போதும், அதையே அவர் பாவிக்கிறார். கேம் பொடியன்கள்: மேலே சொல்லப்பட்டது. கல்யாண வீடியோ எடிட் செய்வோர் மட்டும் சற்று நின்று நோக்கத்தக்கவர்கள். 'வீடியோ வேலைக்குக் கோர் கூட வேணும் அண்ணா' என்று வாங்கு மரபினர் ஒருமுகமாக ஓதுகின்றனர். ஆனால் அந்த ஐ5இன் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. வீடியோவைச் சுருக்கவும் விரிக்கவும் தனிச் சுற்று அதில் உண்டு. ஸியான் இ5இல் கிராபிக்ஸ் என்பதே கிடையாது. தனிக் காட் வாங்கிப் பூட்டும்வரை மொனிட்டரில் ஒரு புள்ளிகூடத் தெரியாது. மலிவென்று ஸியானை வாங்கி மிச்சம் பிடித்த காசு அங்கே போகிறது. இச்செய்தி சுவர்ப் பாடத்தில் இல்லை. மங்கிய பாடத்தில் 'காட் வேறு' என்ற இரு சொற்கள் கிடைக்கின்றன, அவையும் மங்கியுள்ளன.

இனி இவ்வாய்வின் உயிர்நிலையான ஈ.சி.சி. ராம் சிக்கல்.

சேர்வர் புரொசெசரின் தனிச்சிறப்பாகக் கூறப்பெறுவது பிழை திருத்தும் ராம். 64 பிட்டுக்கு 8 காவல் பிட் சேர்த்து 72 ஆக வைத்து, ஒரு பிட் புரண்டால் திருத்தும். இரண்டு புரண்டால் கண்டுபிடித்து அறிவிக்கும். பிட் ஏன் புரள்கிறது? 1970களின் கடைசியில் இன்டெல் ஆய்வாளர்களே கண்டார்கள், ராமின் பீங்கான் உறையில் இருந்த யுரேனியத் துகள் வெளியிடும் அல்பாக் கதிர் பிட்டைப் புரட்டுகிறது என்று. மற்றொரு காரணம் விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர். 2003 மே மாதம் பெல்ஜியத்தில் ஸ்காபெய்க் என்னும் ஊர்த் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. 4096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒற்றைப் பிட் புரண்ட கணக்கு. அண்டக் கதிர்தான் குற்றவாளியாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. நமது நாட்டில் வாக்குக் கூடினால் அண்டக் கதிரை எவரும் சந்தேகிப்பதில்லை என்பது ஒப்பாய்வுக்குரிய வேறு தலைப்பு.

எனவே திருகோணமலையில் அண்டக் கதிர் எவ்வளவு விழுகிறது என்பதே அடிப்படை வினா. விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் ஏறி, மேலே போகப் போகக் கதிர் கூடுவதைக் கண்டார். 1927இல் யாக்கோப் கிளே என்ற டச்சுக்காரர் ஜாவாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கப்பலில் அளந்துகொண்டு போய், நடுக்கோட்டுப் பக்கம் கதிர் குறைவதைக் கண்டார். காரணம் பூமியின் காந்தப்புலம். புவிகாந்த நடுக்கோடு தென்னிந்திய முனைக்கு அருகாகச் செல்வதால், நமது பகுதி உலகிலேயே காந்தக் கவசம் மிகத் தடித்த பகுதிகளுள் ஒன்று. திருகோணமலையோ கடல் மட்டத்தில் கிடக்கிறது. மேலே முழு வளிமண்டலமும் போர்வை. ஆக, அண்டக் கதிருக்கு அஞ்சி ஈ.சி.சி. ராம் வாங்க உலகில் மிகக் குறைந்த காரணம் உள்ள ஊர்களின் பட்டியலில் இது இடம்பெறும். இம்முடிவை இக்கட்டுரையாளர் பெருமிதத்துடன் முன்வைக்கிறார்.

உடனே எதிர்வாதம் கிளம்பியது. 'டொக்யார்ட் ரோட்டுக்குச் சரி, ஓர்ஸ் ஹில்லுக்கு என்ன சொல்வீர்?' என்பது மேட்டு மரபினர் கூற்று. மேடு ஏறக் கதிர் ஏறும் என்று ஹெஸ்ஸே சொல்லியிருக்க, மேட்டில் வீடுள்ளவர் ஈ.சி.சி. இல்லாமல் உறங்கலாமா என்பது அவர் வாதம். சுவாமி மலை உச்சியில் கோணேசர் இருப்பதால் அங்கே கதிர் அணுகாது என்பது பக்தி மரபு. இரண்டையும் மறுத்து, 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாக்காரரே கவலைப்படவில்லை என்பது இடமாற்ற மரபு. அதாவது அங்கிருந்து இடமாற்றமாகி வந்த ஒருவர் வாங்கிலே சொன்னது. இம்மூன்று மரபுகளையும் இணைத்து ஒரு மாநாடு கூட்டலாம். தலைமையுரைக்குக் கட்டுரைகளை வாசிக்காத ஒருவர் தேவை; அதற்கு எங்கும் தட்டுப்பாடு இல்லை.

இவ்விடத்தில் ஓர் அசௌகரியமான சான்றையும் சொல்ல வேண்டியுள்ளது. 2009இல் கூகுள் தன் சேர்வர்களில் நடத்திய பெரிய ஆய்வில், ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில் ராம் பிழை தென்பட்டது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கதிரால் அல்ல, ராமே பழுதானதால் வந்தது என்று தெரிந்தது. அதாவது மேற்கூறிய இரண்டு பத்திகளும் தேவையில்லாதவை. முறைப்படி இதனை அடிக்குறிப்பில் மிகச் சிறிய எழுத்தில் புதைத்திருக்க வேண்டும்.

ராம் பழுதாவது என்றால் உத்தரவாதம் என்ற பேச்சு வரும். உத்தரவாதம் என்றால் பெட்டிமூடி ஏடு வரும். மேற்படி ஏட்டில் கடைக்காரர் கைப்பட 'போட், ராம், புரொசெசர், மூன்றுக்கும் ஆறு மாத உத்தரவாதம்' என்று எழுதியிருந்தது. அடுத்த சொல் இல்லை. பிரட்றிக் கோட்டையிலிருந்து ஊருக்குள் இறங்கி உலாவும் மான்களுள் ஒன்று, கடைவாசலில் வைத்த அம்மூடியின் வலது மடிப்பைத் தின்றுவிட்டது. கறையான் அரித்த ஏடுகளைப் பதிப்பித்துப் பழகிய தமிழுலகத்துக்கும் மான் தின்ற ஏடு புதிது. விடுபட்ட சொல் 'உண்டு' என்பது வாங்கியவர் பாடம். 'இல்லை' என்பது கடைக்காரர் பாடம். பற்குறியின் அகலத்தை வைத்து மூன்றெழுத்துச் சொல் என்று துணிவார் ஒருசாரார். உண்டுவும் மூன்றெழுத்து, இல்லையும் மூன்றெழுத்து. 'ஆறு மாத உத்தரவாதம்' என்ற தொடரே பிற்கால இடைச்செருகல் என்பார் மற்றொருசாரார். அவர்கள் கடைக்காரரின் மைத்துனர்மார். இந்நிலையில் இதே மூடியின் காலத்தை நூறு ஆண்டு முன்னே தள்ளிக் காட்டுபவருக்குப் பொன்னாடையும், பின்னே தள்ளுபவருக்கு மொட்டைக் கடிதமும் காத்திருக்கின்றன. மானை விசாரிக்க முயன்றபோது அது மைதானப் பக்கம் போய்விட்டது.

மின்சாரம் பற்றி நீட்டத் தேவையில்லை. 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அவ்வாண்டு ஓகஸ்டில் கட்டணம் 75 வீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அதன்பின் இறக்கமும் ஏற்றமும் வந்தன, பயம் போகவில்லை. பழைய ஸியானும் அதன் தனிக் காட்டும் சேர்ந்து 60 வாட்ஸ் கூடுதலாக இழுத்தால், நாளுக்குப் பத்து மணித்தியாலத்தில் மாதம் 18 யூனிட். நமது பில் படிப்படியாக ஏறும் பில். ஒரு படி தாண்டினால் விலையும் தாண்டும். உப்புக் காற்றுக்கு இரண்டு புரொசெசரும் ஒன்றே.

இறுதியாக வரலாற்று முன்னுதாரணம். சீனக்குடாவில் பிரித்தானியர் ஒரு கடற்படைக்கே எண்ணெய் ஊற்றக் கட்டிய தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்வன. கடற்படை போய்விட்டது, பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் சும்மா நின்றன. 2022 ஜனவரி 6இல் கையெழுத்தான உடன்படிக்கையில் 14 இந்திய நிறுவனத்துக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 கூட்டு முயற்சிக்கும் என்று பிரிக்கப்பட்டன. அதே வாரத்தில்தான் ஐ5-12400 சந்தைக்கு வந்தது. 14 என்ற எண் ஸியானின் கோர் எண்ணாகவும் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று கொள்ள ஆய்வுலகம் இடந்தராது. வீட்டில் 28 திரெட்டும் எக்செல் தாளொன்றைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க விரும்புவோர், கட்டணமில்லாமல் சீனக்குடாத் தாங்கிகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஸியானுக்கு நியாயமான வாடிக்கையாளர் எவருமில்லையா என்றால், உண்டு. ஒரே பெட்டிக்குள் நாலைந்து வேர்ச்சுவல் மெஷின் ஓட்டிப் படிக்கும் கோணேசபுரி வளாகத்துக் கணினி மாணவர். அவருக்குக் கோரும் வேண்டும், மலிவாக நிறைய ராமும் வேண்டும். பாவித்த சேர்வர் ராம் அதற்கு ஏற்றது. அவரும் ஒன்றை அறிந்து வாங்க வேண்டும்: 2016இன் இந்தப் புரொசெசரை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை, விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடத் தெரிந்தவருக்கு இது தடையல்ல.

முடிபு: மற்ற எல்லோரும் சாதாரண ஐ5 வாங்குக, வேலை குறைவென்றால் ஐ3. மிஞ்சும் காசுக்கு ஒரு யூ.பி.எஸ்.உம், படங்களையும் கணக்குகளையும் பிரதி எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க்கும் எடுக்கவும். பெட்டியில் புரொசெசர் இலக்கத்தின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். காசு கொடுக்குமுன் அதைப் பார்க்கவும். உத்தரவாதத்தைப் பெட்டிமூடியில் அல்ல, பில்லில் எழுதி வாங்கவும்.