புல்லறுக்க ஒரு டிராக்டர்

டிராக்டரின் பின்னால் பழைய கத்திப்பட்டைப் புல்வெட்டியை மாட்டுவது பெரிய வித்தை இல்லை. மூன்று இடத்தில் பின் மாட்டி, எஞ்சின் விசையைக் கருவிக்குக் கடத்த நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் பி.டி.ஓ. தண்டில் இணைத்தால், பக்கவாட்டில் நீளும் கத்தி முன்னும் பின்னும் ஓடி அறுக்கும். 1831-இல் அமெரிக்காவில் மெக்கார்மிக் ஓட்டிக் காட்டிய அறுவடை இயந்திரத்திலும் கத்தி ஓடியது இப்படித்தான்.

கொடைக்கானலில் சிக்கலே வேறு. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் பூண்டு மூட்டையைக் குதிரை சுமக்கிறது. டிராக்டர் இறங்கினால் அடுத்த பாத்தியில் நிற்காது, அடுத்த ஊரில்தான் நிற்கும். சரி, உச்சியிலுள்ள புல்வெளிக்குப் போகலாம் என்றால், பெரும்பகுதியைத் தரிசென்று முடிவுகட்டி, சீகையும் பைனும் யூகலிப்டஸும் நட்டுவிட்டார்கள். சீகை மரத்தில் இந்தக் கத்தியை வைத்தால் அறுபடுவது கத்திதான். இப்போது புல்லை மீட்க அதே சீகையை வெட்ட வேண்டியிருக்கிறது. நட்டதும் திட்டம், வெட்டுவதும் திட்டம்.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் புல்வெளி மிச்சமிருக்கிறது. அங்கே டீசல், கிரீஸ், உதிரிபாகம் எதுவும் கேட்காத புல்வெட்டிகள் நான்கு காலில் வேலை செய்கின்றன. கூடவே கம்பளியும் தருகின்றன. எந்த டிராக்டர் கம்பெனியும் இன்னும் அதை இலவச இணைப்பாக அறிவிக்கவில்லை.