அலைக்குப் பேசிப் பாருங்கள்

கேள்வி: மேடையில் என் பெயரைக் கூப்பிட்டாலே நா ஒட்டிக்கொள்கிறது, கால் உதறுகிறது. வாற மாதம் பாடசாலை விழாவில் பேசவேண்டும். என்ன செய்ய?
– ஆசிரியை ஒருவர், அனலைதீவு

பதில்: தங்கச்சி, அது கோழைத்தனம் இல்லை. கூட்டத்தைக் கண்டதும் உடம்பு அட்ரீனலினைச் சுரக்கிறது. நெஞ்சு படபடப்பதும் வாய் காய்வதும் அதன் வேலை. எல்லாரும் துணிந்தவர்களாக இருந்திருந்தால் வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’க்கு 10 குறள் ஒதுக்கியிருப்பாரா?

கிரேக்கப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கல்லை அடக்கி, கடலோரம் நின்று அலையிரைச்சலை மீறிப் பேசிப் பழகினாராம். கடலைத் தேடி நீங்கள் போகவே வேண்டாம், அது உங்களைச் சுற்றித்தான் கிடக்கிறது. கல்லை விடுங்கள், பின்னேரத்தில் கரையில் நின்று உரக்கப் பேசுங்கள். ஊர்காவற்றுறைப் படகில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கதைத்துப் பழகிய தொண்டைக்கு ஒலிவாங்கி எம்மாத்திரம்!

முழுப் பேச்சையும் பாடமாக்காதீர்கள். ஒரு சொல் தவறினால் மிச்சமெல்லாம் கூடவே போய்விடும். முதல் இரண்டு வசனம் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். மற்றதற்குக் குறிப்பு போதும். அதையும் பெரிய தாளில் எழுதவேண்டாம், கை நடுங்கினால் தாள் படபடத்துக் காட்டிக்கொடுக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் மட்டைத் துண்டு நல்லது. ஏறுமுன் மூச்சை மெல்ல, நீளமாக வெளியே விடுங்கள்.

எந்தப் பேச்சாளருக்கும் முதல் மேடை என்று ஒன்று உண்டு. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தது 1847 டிசம்பர் 31இல், 25 வயதில். ‘நாவலர்’ பட்டம் 1849இல்தான் வந்தது. அன்று அவர் வெறும் ஆறுமுகம்.

விழா முடிந்ததும் எழுதுங்கள், உங்கள் முதல் வசனம் என்னவென்று அறிய ஆவலாக இருக்கிறேன்.