தோலைத் துறந்த போன்

புதிய பொருள் எதிலும் இனி தோல் கிடையாது என்று 2023 செப்டம்பரில் ஆப்பிள் அறிவித்தது. பூமிக்கு நல்லதாம். அதற்குப் பதில் வந்தது 'ஃபைன்வோவன்' துணி உறை, 59 டாலர். நகம் பட்டால் கோடு விழும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. மறு ஆண்டு ஐபோன் 16 வந்தபோது உறையைக் காணோம். கருமாதிப் பத்திரிகைகூட அடிக்கவில்லை!

2020-இல் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்ததும் இதே பூமிக்காகத்தான். பிறகு அதைத் தனிப் பெட்டியில் போட்டுத் தனி விலைக்கு விற்றார்கள். பூமித்தாய் குளிர்ந்திருப்பாள்.

ஐபோன் பாகங்களைப் பூட்ட ஸ்ரீபெரும்புதூர்வரை வந்தவர்கள், பெங்களூர் ரோட்டிலேயே இன்னும் கொஞ்சம் மேற்கே வந்திருக்கலாம். ஆம்பூரில் தோல், குடியாத்தத்தில் கைலி. ஒரு கைலி வாங்க வந்த குடியாத்தத்துக்காரர் துணியைக் கசக்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் விலையே கேட்பார்.