‘கேஸ் நிக்குமா?’: பந்திச் சட்டவியல் குறித்து ஓர் ஆய்வு

கல்யாண மண்டபத்தில் சட்ட மாணவர்களிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் ஓசி ஆலோசனை, நம் நீதி பரிபாலனத்தின் கவனிக்கப்படாத கிளை. சென்னைச் சட்டக் கல்லூரி தொடங்கியது 1891-ல். அடுத்து வந்த முகூர்த்தத்திலேயே இந்தக் கிளையும் முளைத்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஆவணச் சான்று கிடையாது; ஆனால் நம் சொந்தக்காரர்களை எனக்குத் தெரியும். துறைக்கு இதுவரை பெயர் இல்லாததால் ‘பந்திச் சட்டவியல்’ என்று வைத்திருக்கிறேன்.

முதலில் அதிகார வரம்பு. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வழக்காடலாம். பதிவில்லாமல் கோர்ட்டில் வழக்காடினால் ஆறு மாதம் வரை சிறை. மண்டபத்தைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை. ஆகவே முதல் செமஸ்டர் மாணவர், இலை போடும்போதே ‘வக்கீல் சார்’ ஆகிவிடுகிறார். கான்ட்ராக்டில் அரியர் இருப்பது தகுதிக் குறைவாகக் கொள்ளப்படுவதில்லை.

சாம்பாருக்கு நிலம், ரசத்துக்கு வாடகை, மோருக்கு மாப்பிள்ளை மேல் புகார் என்று கேள்விகளுக்கு வரிசை உண்டு என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. நிலம் எல்லாச் சுற்றிலும் வரும். மாறாதவை இரண்டே: தொடக்கத்தில் “எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு”, முடிவில் “கேஸ் நிக்குமா?”

“பன்னெண்டு வருஷம் குடியிருந்தா வீடு அவனுக்கே சொந்தமாமே?” என்பது இத்துறையின் நிரந்தரக் கேள்வி. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் வாடகைக்கு வந்தவர் அனுமதியோடு இருப்பவர்; எத்தனை வருஷம் வாடகை கொடுத்தாலும் அந்தக் கணக்கு அவருக்கு ஓடாது. இதைச் சொன்னதும் கேட்டவர் முகம் மலர்ந்தால் அவர் வீட்டுக்காரர். வாடினால், அந்தத் தெரிஞ்ச ஒருத்தர் அவரேதான்.

குற்றவியல் பிரிவில் அண்மையில் பெரிய குழப்பம் நேர்ந்தது. சீட்டுப் பணத்தைச் சுருட்டியவனைப் பற்றி ஒரு சித்தப்பா கேட்கிறார்.

“அவன் மேல 420 போட்டுரலாமாடா?”

“அது இப்ப 318(4) சித்தப்பா.”

“318-ஆ? அப்ப குத்தம் கம்மியாயிருச்சா?”

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பழையதில் 511 பிரிவு, புதியதில் 358. எனவே 420 என்ற எண்ணே அதில் கிடையாது. ஜூலைக்கு முன்னால் ஏமாற்றியவனுக்குப் பழைய எண், பின்னால் ஏமாற்றியவனுக்குப் புதிய எண். மாணவர் இரண்டு சட்டப் புத்தகங்களையும் பையில் சுமக்கிறார். சித்தப்பாவுக்கு இந்தத் தேதியெல்லாம் வேண்டாம். ஊரே புரிந்துகொள்ளும் ஒரு வசவைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்பதுதான் அவர் வருத்தம். “அவனைப் போய் நான் 318-ன்னு திட்ட முடியுமா?” என்ற அவரது வாதத்துக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

பந்தியில் கேட்க முடியாத கேள்வி ஒன்று உண்டு. அது மாணவிகளிடம், பெரும்பாலும் மணமகள் அறையில், பூ கட்டிக்கொண்டே கேட்கப்படும். அண்ணன் தம்பிகள் கை கழுவப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து அத்தை ஆரம்பிப்பார்: “கட்டிக் குடுத்த பொண்ணுக்குப் பங்கு உண்டா பாப்பா? சும்மா கேக்கேன்.” இத்துறையில் உண்மையிலேயே கனமான கேள்வி இதுதான். தமிழ்நாடு 1989-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களை வெளியே நிறுத்திவிட்டது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே மாணவி கேட்க வேண்டியது இதுதான்: “பாகப் பத்திரம் எப்ப பதிவாச்சு அத்தை?” 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையைத் தொட முடியாது. அதற்குள் அண்ணன்மார் திரும்பிவிடுவார்கள். அத்தை உடனே, “உனக்கு எப்பம்மா கல்யாணம்?” என்று பேச்சை மாற்றுவார். அந்தக் கேள்வியை எல்லாரும் தொல்லை என்கிறார்கள். என் ஆய்வில் அது ஒரு திரைச்சீலை.

இனி, ஆலோசனைக்குக் கட்டணம் உண்டா? பிரதிபலன் இல்லாத ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 25. நெருங்கிய உறவினர்கள் இயல்பான அன்பினால் செய்துகொண்டால் விதிவிலக்கு. ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். சித்தப்பாவின் அன்பு இதுவரை எந்தச் சார்பதிவகத்திலும் பதிவானதாகத் தெரியவில்லை. “கேஸ் ஜெயிச்சா உனக்கு ஒரு வாட்ச்” என்ற அவரது வாக்குறுதியையும் நம்பக் கூடாது. இலங்கையில் வேலை பார்த்த பால்ஃபர், இங்கிலாந்தில் இருந்த மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருகிறேன் என்றார். குடும்பத்துக்குள் பேசிக்கொண்டதை ஒப்பந்தமாகக் கொள்ள முடியாது என்று 1919-ல் தீர்ப்பானது. மனைவிக்கே அந்தக் கதி.

ஆலோசனையைக் கேட்டுப்போய் என்ன செய்கிறார்கள் என்பதைத் தேடியபோதுதான் துறையின் அடிப்படை விதி புலப்பட்டது. யாரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. முடிவை எடுத்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருகிறார்கள். பதில் எதிராளிக்குப் போக வேண்டிய சரக்கு. “எங்க பையன் லா படிக்கான். அவனே சொல்லிட்டான், உள்ள தள்ளிரலாம்னு.” மாணவர் சொன்னது “டாகுமெண்ட் பாக்கணும்” என்பது மட்டும்தான். மிரட்டல் பலிக்காவிட்டால் அதே வாய், “அவனுக்கு என்ன தெரியும், படிச்சிட்டுத்தானே இருக்கான்” என்றும் சொல்லும். முதலாண்டில் எல்லாவற்றுக்கும் பிரிவு எண்ணோடு பதில் சொன்ன பிள்ளை, இறுதியாண்டில் பாயசத்திலேயே கவனமாக இருப்பது இதனால்தான்.

வரும் தை முகூர்த்தங்களுக்காக இரண்டு வேண்டுகோள். நிலம் பற்றிக் கேட்பவர்கள் மொய்க் கவரோடு தாய்ப்பத்திர ஜெராக்ஸையும் வில்லங்கச் சான்றையும் கொண்டுவரவும். அத்தைமார்கள் மட்டும் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்: 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். பாகப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போங்கள்.