சறுக்காத சூரர்

சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் யார் பனிச்சறுக்கப் போகிறவர், யார் போகாதவர் என்று கண்டுபிடிப்பது சுலபம். உடுப்பைப் பார்த்தால் போதும். தினமும் சறுக்குகிறவரின் கையுறை நைந்திருக்கும். கால்சட்டையின் உள்ஓரத்தில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகையின் இரும்பு விளிம்பு பட்டுக் கிழிந்து, ஒட்டுப் போட்டிருக்கும். நம் சூரரின் உடுப்பிலோ மடிப்புகூடக் கலைந்திருக்காது. தலையில் கவசம், அதன்மேல் பெரிய பனிக்கண்ணாடி, அதற்கும் மேலே ஒரு குட்டி கேமரா. அந்தக் கேமரா இதுவரை படம்பிடித்ததெல்லாம் உணவகத்தில் வரிசையில் நிற்பவர்களின் பிடரியைத்தான்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து நம் பழனி விஞ்ச் மாதிரி ஒரு ரயில் ஏறுகிறது. நடுவே சாந்தரெல்லாவில் வேறு பெட்டிக்கு மாறினால், 2,486 மீட்டர் உயரத்தில் கோர்வீலியா. சூரர் வருகிறார் என்பது ரயில் நிலையத்தில் முன்கூட்டியே தெரிந்துவிடும். ஸ்கீ காலணி கணுக்காலை மடக்க விடாது. குதிகாலை முதலில் ஊன்றி, டொக் டொக்கென்று நடந்தாக வேண்டும். தோளில் சாத்திய ஸ்கீ இரண்டும் ஆள் உயரத்துக்கு நீண்டிருக்கும். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். பக்கத்திலிருப்பவர்கள் பழகிப்போய்க் குனிந்துகொள்வார்கள்.

மேலே போனதும் ஸ்கீயைப் பனியில் குத்தி நிறுத்துவார். சூரர் செய்யும் பனி வேலை அத்தோடு முடிந்தது. பிறகு உணவகத்தின் வெயில் தளத்தில் தெற்கு பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து, காலணிக் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார். ஹாட் சாக்லேட் வரும். கூடவே அக்ரூட்டும் காய்ச்சிய சர்க்கரையும் அடைத்த எங்கடீன் வட்டாரத்துப் பலகாரம். அது ஒரு துண்டு உள்ளே போனால், சறுக்குகிறவருக்கே எழுந்திருக்க மனம் வராது.

“இன்னும் இறங்கவில்லையா?” என்று கேட்டுவிடாதீர்கள். காலையில் கேட்டால், பனி கண்ணாடியாய் இறுகிக் கிடக்கிறது என்பார். மதியம் கேட்டால், வெயிலில் குழைந்துவிட்டது என்பார். மேகம் மூடினால் “வெளிச்சம் தட்டை” என்பார். இது மட்டும் பொய்யல்ல. நிழல் விழாத வெளிச்சத்தில் மேடு எது, பள்ளம் எது என்று தேர்ந்தவர்களுக்கே தெரியாது. ஆனால் வெளிச்சம், பனி, காற்று மூன்றும் ஒருசேர ஒத்துவந்த நாளும் உண்டு. அன்றைக்கென்று முழங்கால் இருக்கிறது. அந்த முழங்காலுக்கு என்ன ஆயிற்று, எந்தச் சரிவில் ஆயிற்று என்று கேட்டால் கதை நீளும்; கதையில் சரிவு நீலத்தில் தொடங்கும், சிவப்பாகும், இரண்டாவது கோப்பைக்குள் கறுப்பாகிவிடும். ஐரோப்பாவில் சுலபமான சரிவுக்கு நீலம், நடுத்தரத்துக்குச் சிவப்பு, கடினமானதற்குக் கறுப்பு.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவருக்குச் சறுக்காது, பனியில் கால் வைத்தால்தானே.

ஸ்கீ வாடகைக் கடையில் இவரைப் பார்க்க வேண்டும். கொடுக்கிற படிவத்தில் வயது, உயரம், எடை, திறமை எல்லாம் கேட்பார்கள். விளையாட்டுக்கு அல்ல. விழும்போது காலணி ஸ்கீயிலிருந்து தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். இல்லையென்றால் கால் போய்விடும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். ஆள் கனமென்றால் இறுக்குவார்கள், கைதேர்ந்தவரென்றாலும் இறுக்குவார்கள். சூரர் எடையில் பத்துக் கிலோவைக் குறைத்து எழுதுவார், திறமையில் ஒரு படி ஏற்றி எழுதுவார். ஒரு பொய் தளர்த்த, இன்னொரு பொய் இறுக்க, திருகாணி ஏறக்குறைய உண்மைக்கே வந்து நிற்கும்.

இவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அந்த ஊரின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்கலாம். 1864இல் யோகானஸ் பாத்ருட் என்ற விடுதிக்காரர், கோடையில் வந்திருந்த ஆங்கிலேய விருந்தினர்களிடம், “குளிர்காலத்திலும் வாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவு என்னுடையது” என்று பந்தயம் கட்டினாராம். கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் ஈஸ்டர்வரை கிளம்பவில்லை, முகம் கறுத்துப் போய்த்தான் ஊர் திரும்பினார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. பனிச்சறுக்கு என்ற விளையாட்டே அப்போது ஆல்ப்ஸுக்கு வந்திருக்கவில்லை. அந்த மகான்கள் வேறென்ன செய்திருப்பார்கள்? வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். குப்புறப் படுத்துத் தலை முன்னே போகப் பாயும் கிரெஸ்டா பனித்தடம் 1884-85 குளிர்காலத்தில்தான் வந்தது. உறைந்த ஏரியின்மேல் குதிரைப் பந்தயம் 1907இல். 1928இலும் 1948இலும் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் ஊர் தனக்குச் சின்னமாக வைத்துக்கொண்டது ஸ்கீயை அல்ல, சூரியனை. ஆக, மரபு தவறியவர்கள் கீழே சறுக்கிக்கொண்டிருக்கிறவர்கள்தான் என்று சூரர் வாதாடினால் நான் அவர் பக்கம்.

மாலையில் மறுபடி ரயிலில்தான் இறங்குவார். பக்கத்தில் ஐந்து வயதுப் பொடிசு ஒன்று, நாளெல்லாம் சறுக்கிய களைப்பில் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். இவர் அதைவிடக் களைத்தவராக முகத்தை வைத்துக்கொள்வார். கண்ணாடி இருந்த இடம் வெளுத்து, மற்ற இடமெல்லாம் சிவந்து, வீரத்துக்கு முகமே சாட்சி.

விடுமுறை முடிந்து ஸ்கீயைத் திருப்பித் தரும்போது கடைப் பையன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். பூசிய மெழுகு அப்படியே இருந்தது. விளிம்பில் கீறல் இல்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

“முரட்டுத்தனமாகச் சறுக்குகிறவர்கள் கையில்தான் தேயும்” என்றார் சூரர்.