ஓவனும் புங்குடுதீவும்

கேள்வி: முதல் உலகப் போரின் கவிஞர் வில்ஃபிரட் ஓவனுக்கு நிகராக நம் தீவகத்தில் யாராவது உண்டா?
– வாசகர், ஊர்காவற்றுறை

பதில்: பக்கத்திலேயே இருக்கிறார். புங்குடுதீவு சு. வில்வரத்தினம் (1950–2006). ஓவன் துவக்கோடு களத்தில் நின்றவர். 1918 நவம்பர் 4இல், போர் ஓய ஒரு வாரம் இருக்கையில், 25 வயதில் மடிந்தார். 1920இல் நூல் வந்த பிறகுதான் பெரும்புகழ். வில்வரத்தினம் துவக்குத் தூக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் ஈழப்போரால் சனம் வெளியேறிப் பாழான தீவுகளின் வெறும் முற்றங்களை, ஆளரவமற்ற ஒழுங்கைகளை ‘காற்றுவழிக் கிராமம்’ தொகுப்பில் பாடினார். போர்க்கவிதைக்குப் போர்வீரன்தான் வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? வீட்டைப் பூட்டித் திறப்போடு ஓடியவனுக்கும் போர் தெரியும். ஓவனுக்குப் பக்கத்தில் இவரைத் தயங்காமல் வைப்பேன். ‘உயிர்த்தெழும் காலத்துக்காக’ என்ற பெருந்தொகுப்பைத் தேடி எடுங்கள். வாய்விட்டுப் படியுங்கள், அவர் பாடிக் காட்டிய கவிஞர்.