டபுள் டபுள்: அடுக்குத்தொடரா, இரட்டைக்கிளவியா?

2014 ஆகஸ்ட் 26 அன்று, மயாமியில் தலைமையகம் கொண்ட பர்கர் கிங்கும், கனடாவின் ஓக்வில்லில் தலைமையகம் கொண்ட டிம் ஹார்டன்ஸும் ஒன்றாகப் போவதாக அறிவித்தன. விலை ஏறத்தாழ 1,100 கோடி அமெரிக்க டாலர். பொருளியலாளர்கள் எழுதினார்கள், வரி வல்லுநர்கள் எழுதினார்கள், கனடாவில் காபி குடிப்பவர்கள் எல்லோரும் பேசினார்கள். தமிழ் இலக்கண நோக்கில் மட்டும் ஒருவரும் ஆராயவில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படி ஓர் இடைவெளி இருந்ததா என்று கேட்பவர்கள் ஆய்வுலகுக்குப் புதியவர்கள். முதலில் கட்டுரையை எழுதிக்கொண்டு, பிறகு அதன் அளவுக்கு இடைவெளியைத் தோண்டுவதுதான் நெறி.

கருதுகோள் எளியது. இரு நிறுவனங்கள் இணைவது புணர்ச்சி. ஆனால் இதில் நிலைமொழி எது, வருமொழி எது? பணம் கொடுத்து வாங்கியது பர்கர் கிங். மூட்டை கட்டிக்கொண்டு புதிய நாட்டில் குடியேறியதும் பர்கர் கிங். வாங்கியவரே வாங்கப்பட்டவர் ஊருக்குக் குடிபோகும் இந்நிலைக்கு நன்னூலில் சூத்திரம் இல்லை. உலக வழக்கில் வீட்டோடு மாப்பிள்ளை என்பர் (காண்க: எனது முந்தைய கட்டுரை, அச்சில்).

விகாரப் புணர்ச்சி மூன்று. தோன்றல்: ரெஸ்டாரன்ட் பிராண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்று ஒரு புதுப்பெயர் நடுவில் தோன்றிற்று. சுருக்கினால் ஆர்.பி.ஐ. வரும், நம் வாசகர்கள் ரூபாய் நோட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். திரிதல்: அமெரிக்கக் குடிமை கனேடியக் குடிமையாகத் திரிந்தது. கெடுதல்: பின்னர்க் காண்க.

இனி மக்கள் எதிர்வினை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். கனடாவிலும் அமெரிக்காவிலுமாக எட்டும் ஒரே வாரத்தில் தோன்றியமை அவருடைய தொலைநோக்குக்குச் சான்று. (பண்டைத் தமிழர் துரித உணவை அறிந்திருந்தனர் என்று இதிலிருந்து நிறுவலாம். அதைத் தனிக் கட்டுரையாக வைத்திருக்கிறேன். பதவி உயர்வுக்கு இன்னும் ஒன்று குறைகிறது.)

உவகை. செய்தி கசிந்த மறுநாள் இரு நிறுவனப் பங்குகளும் ஏறத்தாழ 19 சதவீதம் ஏறின. உவகைக்கு நிலைக்களன் நான்கு. அவற்றில் செல்வம் ஒன்று, புணர்வு ஒன்று. வேறு விளக்கம் வேண்டா.

இளிவரல். ஹாம்பர்கர் நாற்றம் காபியில் ஏறும் என்றவர்களை இங்கே அடக்குக.

மருட்கை. பணக்காரர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டும் என்று 2011-இல் எழுதியவர் வாரன் பஃபெட். அக்கொள்கை அவர் பெயராலேயே வழங்குகிறது. அமெரிக்க வரியிலிருந்து நழுவுவதாகப் பலரும் குற்றம் சாட்டிய இந்த இணைப்புக்கு 300 கோடி டாலர் தந்ததும் அவருடைய பெர்க்ஷயர் ஹாத்தவேதான். இதை நகையில் அடக்குவாரும் உளர்.

வெகுளி. ஒஹாயோ மாநிலத்தின் அன்றைய அமெரிக்க செனட்டர் ஷெரட் பிரவுன் வெகுண்டார். நாட்டை விட்டுப் போகிற பர்கர் கிங்கை மக்கள் விட்டுவிட்டு, வெண்டிஸுக்கோ ஒயிட் காசிலுக்கோ போகட்டும் என்றார். குடிக்கு வரும் கேடு வெகுளிக்கு நிலைக்களன் என்பதால் இது இலக்கணத்தோடு பொருந்துகிறது. வெண்டிஸும் ஒயிட் காசிலும் ஒஹாயோவைச் சேர்ந்தவை என்பதால் தேர்தலோடும் பொருந்துகிறது.

பெருமிதம். டிம் ஹார்டன் என்பது கற்பனைப் பெயரன்று. டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக நான்கு ஸ்டான்லி கோப்பை வென்ற ஹாக்கி வீரர். 1964-இல் ஹாமில்டன் நகரில் முதல் கடை வைத்தார். 1974-இல் கார் விபத்தில் இறந்தார். கனடாப் படையினருக்காக 2006-இல் காந்தஹாரிலேயே ஒரு கிளை திறந்தார்கள். போர்க்களத்துக்குப் பின்னால் போகும் கடையைப் புறத்திணையில் எங்கே வைப்பது என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டேன். கட்டுரையில் தம் பெயரை முதலில் போட்டால் சொல்வதாகச் சொன்னார்.

அழுகை. எங்கள் கடையை அமெரிக்காக்காரன் கொண்டுபோகிறானே என்பது அழுகை. இழவு என்னும் நிலைக்களன். ஆனால் 1995 முதல் 2006 வரை அந்தக் கடை வெண்டிஸின் உடைமையாகவே இருந்தது. அதாவது செனட்டர் கைகாட்டிய அதே வெண்டிஸ். ஏற்கெனவே பதினோராண்டு அடகில் இருந்து மீண்ட நகைக்காக, நேற்றுத்தான் முதன்முதல் கைவிட்டுப் போவதுபோல் ஊர் கூடி அழுதது. (ஹார்டனுக்கும் ஸ் எழுத்துக்கும் நடுவே முன்பு ஓர் உடைமைக் குறி இருந்தது. கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சட்டத்துக்காக அதை எடுத்துவிட்டார்கள். ஆறாம் வேற்றுமை அன்றே தொக்கது. அதன்பின் கடை யாருடையது என்ற கேள்விக்கு இலக்கணத்தில் விடை இல்லை. காண்க: எனது முந்தைய கட்டுரை, அச்சகத்தில் தொலைந்தது, ப. 7.)

அச்சம். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று இதற்கும் நான்கு. இறை என்றால் அரசன். இறை என்றால் வரியும்தான். மக்கள் அஞ்சியது முதல் இறைக்கு, அதாவது கிங்குக்கு. கிங் அஞ்சியதோ இரண்டாம் இறைக்கு என்றனர் அமெரிக்கர். அன்று அமெரிக்கக் கூட்டரசின் நிறுவன வரி 35 சதவீதம். கனடாவில் 15, மாகாண வரி தனி. வரிக்காக அன்று, வளர்ச்சிக்காகவே என்றது நிறுவனம். ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்கையில் ஒன்றை மறைத்து ஒன்றைச் சொல்வது சிலேடைக்கும் பொது, அறிக்கைக்கும் பொது.

ஆனால் மக்களின் அச்சத்துக்கு வேர் அரசனுமன்று, வரியுமன்று. எங்கள் டபுள் டபுளில் கை வைப்பானோ என்பதே. இங்குதான் ஆய்வு தொடங்குகிறது.

டபுள் டபுள் என்றால் இரண்டு பங்கு கிரீம், இரண்டு பங்கு சர்க்கரை போட்ட காபி. 2004-இல் கனேடிய ஆக்ஸ்போர்டு அகராதியில் இச்சொல் ஏறியது. பொருள் சொன்னார்களே தவிர இலக்கணக் குறிப்புச் சொல்லவில்லை.

அடுக்குத்தொடர் என்பர் ஒரு சாரார். பிரித்தாலும் டபுள் என்பதற்குப் பொருள் உண்டு. விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் பற்றிச் சொல் அடுக்கி வரும். உறைபனிக் காலையில் கார் வரிசையில் நின்று காபி கேட்பவனிடம் இவற்றுள் உவகை நீங்கலாக மற்ற நான்கும் ஒருங்கே காணப்படும். டிரிபிள் டிரிபிளும் அங்கே வழக்கில் இருப்பது தமக்குத் துணை என்பர். அது எவ்வாறு துணை என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அவர்கள் என் கட்டுரைக்கு நடுவர்கள்.

இரட்டைக்கிளவி என்பர் மற்றொரு சாரார். பிரித்தால் பொருள் தராது; கடையில் போய் டபுள் என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், அடுத்த டபுள் வரும்வரை கடைப்பெண் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது அவர்கள் வாதம். இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம், வடை மடித்து வந்த தாள் ஒன்று (எண்ணெய்ப் பதிப்பு, இரண்டாம் மடிப்பு, சட்னிக்கு மேல் மூன்றாம் வரி, சட்னிக்குக் கீழே பாடபேதம் உண்டு).

இரு சாராரும் பிழைபட்டனர். முதல் டபுள் கிரீமைக் குறிக்கிறது, இரண்டாம் டபுள் சர்க்கரையைக் குறிக்கிறது. ஒரே ஒலியாயினும் வெவ்வேறு சொற்கள். ஆகவே அடுக்கவுமில்லை, இரட்டிக்கவுமில்லை. டபுள் கிரீமும் டபுள் சர்க்கரையும் என்று விரிவதால் உம்மைத்தொகை. முறையே பொருள் கொள்வதால் நிரல்நிறை. கிரீம், சர்க்கரை என்ற சொற்களோ வெளிப்படவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்பையில் இருக்கும் காபி தொடரில் எங்குமே இல்லை. எனவே டபுள் டபுள் என்பது உம்மைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகை. பழைய உரைச் சுவடி ஒன்றில் இம்முடிபு இருந்திருக்க வேண்டும். அந்த ஏட்டைக் கரையான் தின்றுவிட்டது, தின்ற பகுதிதான் என் கருத்துக்கு வலுவான சான்று (மேற்படி சுவடி, 41-ஆம் ஏடு, இல்லாத பக்கம், துளைக்கு இடப்புறம், துளையின் வலப்புறத்தை ஆதாரமாகக் கொண்டவர்கள் மறுதரப்பினர், அவர்கள் துளையைத் தலைகீழாகப் படித்தவர்கள்).

களஆய்வு. டொரான்டோவின் ஸ்கார்பரோவில் நம்மவர் கூடிப் பேசும் இடங்களுள் டிம்ஸும் ஒன்று. அங்கே இப்படி நிகழும்:

“அண்ணை, உங்களுக்கும் டபுள் டபுளோ?”

“இல்லைத் தம்பி, எனக்குச் சீனி வருத்தம். வெறுங்கோப்பி காணும்.”

இத்தரவு கோட்பாட்டுக்கு ஒத்துவராமையால் நீக்கப்பட்டது.

எஞ்சியது கெடுதல். 2014 டிசம்பரில் கனடா அரசு இணைப்புக்கு இசைவு தந்தது. நிறுவனம் கொடுத்த வாக்குறுதிகளுள் ஒன்று, கனடாவின் டிம் ஹார்டன்ஸ் கடைகளில் உள்ள வேலைவாய்ப்பின் அளவு குறையாது என்பது. 2015 ஜனவரியில் தலைமை அலுவலகத்திலும் வட்டார அலுவலகங்களிலும் 350 பேருக்கு வேலை போயிற்று. வாக்கு மீறப்படவில்லை. கடைகளில் என்பது ஏழாம் வேற்றுமை, இடப்பொருளைக் கடைக்குள் நிறுத்துவது, அலுவலகம் கடையன்று. இந்த வேலைநீக்கம் பற்றி எட்டு மெய்ப்பாட்டில் எது தோன்றியது என்று குறித்து வைக்க ஓர் இடம் விட்டிருந்தேன். அதற்குள் பங்குச் சந்தை வேறு செய்திக்குப் போய்விட்டது.

மரமும் வேரும் சேர்ந்தால் மரவேர். நடுவில் இருந்த மகர மெய் கெட்டது என்று ஒரு வரியில் இலக்கண நூல் சொல்லும். அது எங்கே போயிற்று என்று எந்த உரையாசிரியரும் எழுதியதில்லை.